கெடுத்துப் பார்க்கும் வேலை

போன மாதம் பழைய ஆபீசிலிருந்து இரண்டு பிள்ளைகள் கொல்லிமலை செம்மேட்டில் நான் குடியிருக்கும் அறைக்கு வந்தார்கள். அருவி பார்க்க வந்தவர்கள், அப்படியே என்னையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்திருக்கிறார்கள். பேச்சு வேலைப் பக்கம் போனது. இப்போதெல்லாம் வீடியோ கேமைச் சோதிக்க ஒரு நிரலையே விளையாட விட்டுவிடுகிறார்களாம். அது சோறு தண்ணி இல்லாமல் ஆடி, எங்கெங்கே ஆட்டம் உடைகிறது என்று சொல்லிவிடுமாம்.

"நீங்க எப்படிக்கா கையால பண்ணீங்க?" என்று கேட்டார்கள்.

பாதி சொல்வதற்குள் அவர்களுக்கு பஸ் வந்துவிட்டது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நிரல் ஆடட்டும், நல்லதுதான். நாம் சொல்லிக்கொடுத்த வழியிலெல்லாம் அது போய்ப் பார்க்கும். யாரும் சொல்லிக்கொடுக்காத வழியில் போகிறவர் ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

என் ஊர் சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே. எட்டாவதோடு படிப்பு நின்றது. நாமக்கல்லில் கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கினேன். திருப்பூரில் பனியனுக்குப் பிசிறு வெட்டினேன். ஓசூரில் கேண்டீன், பெங்களூரில் வீட்டு வேலை. கட்டியவர் லாரியில் வடக்கே போனார், திரும்பவில்லை. நானும் அந்த வீட்டில் உட்கார்ந்து காத்திருக்கவில்லை. ஓர் ஊரில் இரண்டு மழைக்காலம் இருந்தால் எனக்குக் கால் அரிக்க ஆரம்பித்துவிடும். அப்படிச் சுற்றிச் சேலத்துக்கு வந்து, ஒரு கட்டடத்தில் மேசை துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. அந்தக் கட்டடத்தின் மாடியில்தான் கேம் செய்யும் சின்ன ஆபீஸ் ஒன்று இருந்தது.

அவர்கள் அப்போது செய்துகொண்டிருந்த ஆட்டத்தைக் கல்லாட்டம் என்று கூப்பிடுவோம். திரையில் ஒரு குட்டி ஆள். குதித்துக் குதித்துத் திட்டு விட்டுத் திட்டு ஏறுவான். வழியில் எழுத்து பொறித்த கற்கள் கிடக்கும். பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஆங்காங்கே தரையில் ஒரு பலகை பதித்திருக்கும். அதன்மேல் கற்களை வரிசையாக வைத்தால் அந்தச் சொல் பொருளாகிவிடும். படகு என்று வைத்தால் படகு. ஏணி என்று வைத்தால் ஏணி. அந்தப் பொருளின் மேலேயே கற்கள் பதிந்திருக்கும். ஒன்றைத் தொட்டு இழுத்தால் பொருள் மறைந்து, கற்கள் பைக்குத் திரும்பிவிடும். வேறு சொல்லுக்கு அவற்றை வைத்துக்கொள்ளலாம். வழியில் விளக்கு இருந்தால் ஏற்ற வேண்டும். பள்ளத்தில் விழுந்து செத்தால் கடைசியாக ஏற்றிய விளக்கிலிருந்து மறுபடி தொடங்கும்.

ஒருநாள் நான் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். திரையில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. குட்டி ஆள் சுவருக்குள் புகுந்து காணாமல் போனான். நிரல் எழுதும் கதிர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"அக்கா, என்ன பண்ணீங்க? இன்னொருக்கா பண்ணுங்க!"

பண்ணினேன், வரவில்லை. அப்போது உள்ளேயிருந்து ஓர் அம்மா வந்தார். என்னைவிட வயது குறைவு. ஒல்லி, குரல் உயராது. அவர் திரையைப் பார்க்கவே இல்லை. என் கையைத்தான் பார்த்தார்.

"துணி ஈரமா இருந்துச்சா?"

"ஆமாங்க."

"அப்ப நனைச்சுட்டு வாங்க. அதே மாதிரி, அந்தப் பக்கத்துலயிருந்து துடைங்க."

நனைத்த துணி கனமாக இருந்தது. துடைக்கும்போது இடது அம்பும் வலது அம்பும் ஒன்றாக அமுங்கின. குட்டி ஆள் மறுபடி சுவருக்குள் போனான். அவர்தான் மேகலா மேடம், சோதனைப் பிரிவுக்குத் தலைவர். அடுத்த வாரம் துடைக்கும் துணியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு அவருக்குக் கீழே உட்கார்ந்தேன்.

சோதிக்கிறவர் வேலை ஆட்டம் ஆடுவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது ஆட்டத்தைக் கெடுத்துப் பார்க்கும் வேலை. ஏறச் சொன்ன இடத்தில் இறங்க வேண்டும். கல் வைக்கச் சொன்னால் வைக்காமல் சுவரை முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஒரே நிலையைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை, கனவில் வரும்வரை ஆட வேண்டும். கோளாறு கிடைத்தால் எழுதிக் கொடுக்க வேண்டும். என் எழுத்து கோணலாக இருக்கும், அதைப் பற்றி மேடம் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் "சில நேரம் நின்றுவிடுகிறது" என்று எழுதினால் தாள் திரும்பி வந்துவிடும்.

"சில நேரம்னா எந்த நேரம் சரசக்கா? கை என்ன பண்ணுச்சு, கண்ணு என்ன பாத்துச்சு, அது மட்டும் போதும். ஏன் நடந்துச்சுன்னு எழுதாதீங்க. அது கதிர் வேலை."

வெளியாட்களை ஆட வைத்துப் பார்க்கும்போது இன்னொரு விதி. வாயைத் திறக்கக் கூடாது. அவர் எவ்வளவு திணறினாலும் சரி, நாம் தலையைக்கூட ஆட்டக் கூடாது. மேடம் அப்போது இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்வார். கை தானாகவே காட்டிக்கொடுத்துவிடும் என்பார். பிறகு நானும் அப்படியே உட்காரப் பழகினேன்.

கல்லாட்டம் முடியும் தறுவாயில், படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க அதைப் பயன்படுத்துவதென்று முடிவானது. மலைக் கிராமங்களின் படிப்பு மையங்களுக்குத் தொடுதிரை டேப்பில் ஏற்றிக் கொடுக்க ஓர் அறக்கட்டளை ஒத்துக்கொண்டது. கொடுப்பதற்கு முன் ஓர் ஊரில் ஆட விட்டுப் பார்க்கலாம் என்று என்னைக் கொல்லிமலைக்கு அனுப்பினார்கள். எடப்புளி நாடு என்று அங்கே சொல்லும் பகுதியில் ஒரு சிற்றூர். படிப்பு மையக் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் வெள்ளையன். ஐம்பது வயதிருக்கும். சொந்தக் காட்டில் மரவள்ளியும் மிளகும். முதல் நாளே மற்றவர்களை முந்திக்கொண்டு போனார். எதற்கு இவ்வளவு அவசரம் என்று கேட்டேன்.

"என்ற மக திருப்பூருல கம்பெனியில இருக்கறா. ஆஸ்டலு ரூமுல பேச உடமாட்டாங்க, போன்ல எழுதித்தான் அனுப்புவா. நான் அதயத் தூக்கிக்கிட்டு மளிகைக் கடைக்கு ஓடணும். கடக்காரன் சத்தம் போட்டுப் படிப்பான். எண்ணெ வாங்க வந்தவன், பீடி வாங்க வந்தவன் எல்லாரும் கேப்பான். போன மாசம் அந்தப் புள்ள அழுதுகிட்டு எழுதியிருக்குது. அதயும் கடையில நின்னு அத்தன பேரும் கேட்டாங்க."

சொல்லிவிட்டு மறுபடி திரையில் குனிந்தார்.

மூன்றாவது நாள் நான் ஒரு மூலையில் வேறொரு அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளையன் டேப்பைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார்.

"நமக்கு இது வராதுங்க. ஏணி வெச்சுப் பாற மேல ஏறுனேன், அப்புறம் எங்கயும் போக முடியல. உழுந்து உழுந்து செத்தாலும் அங்கயேதான் நிக்கறான். மண்டயில இருந்தாத்தான வரும்?"

நான் எழுந்து போவதற்குள் மையத்துப் பெண் அடுத்தவருக்காக ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கிவிட்டாள். திரையில் ஒன்றும் மிச்சமில்லை. மறுநாள் அவர் வரவில்லை. அவரே வராதபோது நாம் எங்கே என்று மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள்.

சேலத்துக்கு வந்து சொன்னேன். கதிர் சிரித்தார். "அக்கா, அந்த நிலையை நான் ஆயிரம் தடவை ஆடியிருக்கேன். பாறை அடிவாரத்துல ஏணி, ஏறினா மேல விளக்கு, சாவியை எடுத்துக்கிட்டு அதே ஏணியில இறங்கணும். இதுல எங்க மாட்டறது? பெரியவர் தூங்கியிருப்பாரு."

மேடம் சிரிக்கவில்லை. "அவர் கை என்ன பண்ணுச்சு?"

"பாக்கலைங்க மேடம்."

"அப்ப நம்மகிட்ட ஒண்ணும் இல்ல. மறுபடி நடத்திக் காட்ட முடியாததை வெச்சு நான் வெளியீட்டை நிறுத்த முடியாது. வெள்ளிக்கிழமை கொடுத்துடணும்."

அவர் சொன்னது சரி. என்னால் அதோடு விட முடியவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டபோது எனக்கும் மண்டையில் இல்லை என்றுதான் வாத்தியார் சொன்னார். நான் அதை வெகுகாலம் நம்பியிருந்தேன். அந்த மனிதரும் அதை நம்பியபடி மறுபடி கடைக்குப் போனைத் தூக்கிக்கொண்டு போவார். அன்று மிச்ச நேரம் பூரா அந்த நிலையையே ஆடினேன். ஏணியில் பாதியில் நின்று குதித்தேன். ஏணி முளைக்கும் முன்பே ஏறப் பார்த்தேன். கற்களை மாற்றி வைத்தேன். சாவியை எடுக்காமல் இறங்கினேன். எங்கேயும் மாட்டவில்லை. ஆட்டம் கல் மாதிரி உறுதியாக நின்றது.

மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறினேன். அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி மலை வளைவுகள் தொடங்கியதும் பக்கத்திலிருந்த பெண் என் மடியில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தாள். பிள்ளை என் டேப்பைச் சப்பியது. அதையும் தாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

வெள்ளையன் காட்டில் மிளகு அறுப்பு. சரிவை வெட்டிப் படிப்படியாகக் கட்டிய காடு. ஒவ்வொரு படிக்கும் ஆளுயரக் கல் வரப்பு. சில்வர் ஓக் மரங்களில் கொடி ஏறியிருந்தது. அவர் மரத்தின் மேலே இருந்தார். கீழே தார்ப்பாயில் அவர் மனைவி பாப்பாத்தி கொத்துகளைக் காலால் மிதித்து மணி உதிர்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, ஒருக்கா மட்டும் ஆடிக் காட்டுங்க," என்றேன்.

"உடுங்க. எனக்கு இங்க வேல கெடக்குது."

"மரத்துல ஏறுனா எறங்கத் தெரியுது, பொட்டிக்குள்ள ஏறுனா எறங்கத் தெரியல இவருக்கு," என்றார் பாப்பாத்தி. மேலேயிருந்து ஒரு மிளகுக் கொத்து அவர் தலைமேல் விழுந்தது. தவறி விழுந்த மாதிரி தெரியவில்லை.

வற்புறுத்தினால் ஆகாது என்று தெரிந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் தார்ப்பாயில் இறங்கி மிதித்தேன். காலெல்லாம் காந்தியது. அந்த மரம் முடிந்ததும் அவர் இறங்கி, ஒற்றை மூங்கிலில் கணு விட்டுச் செதுக்கிய ஏணியை வரப்பில் சாத்தி ஏறினார். மேலே போனதும் குனிந்து ஏணியை இழுத்தார். நான் கீழேயிருந்து தூக்கிக் கொடுத்தேன். அடுத்த படியிலும் அப்படியே செய்தார். மூங்கில் கனமாக இருக்கிறதே என்று நினைத்தேன். வேறொன்றும் தோன்றவில்லை.

மதியம் சாமைச் சோறு சாப்பிடும்போது கேட்டேன். "அண்ணா, என் வேலை என்னன்னு தெரியுமா? இந்த ஆட்டத்தக் கெடுக்கறது."

"கெடுக்கறதுக்கா ஆபீசு?"

"ஆமாங்க. எங்க கெடுதுன்னு கண்டுபுடிச்சாத்தான் சரி பண்ண முடியும். நேத்துப் பூரா முட்டிப் பாத்துட்டேன், அந்த எடத்துல என்னால கெடுக்க முடியல. நீங்க கெடுத்திருக்கீங்க. எப்படின்னு தெரியாம நான் போகமாட்டேன். இன்னிக்கில்லாட்டி நாளைக்கும் வந்து மொளகு மிதிப்பேன்."

பாப்பாத்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கெடுக்கறதுக்கு ஆளு வேணும்னா முன்னாலயே சொல்லியிருக்கக் கூடாதா? இவர உட்டா எடப்புளி நாட்டுலயே ஆளில்ல. போன வருசம் ரேடியோ, அதுக்கு முந்தி மோட்டாரு..."

"ஏய், சும்மா இரு," என்றார் வெள்ளையன். ஆனால் கையைத் துடைத்துக்கொண்டு டேப்பை வாங்கினார்.

நான் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் பாறை அடிவாரத்துக்கு வந்தார். பலகையில் ஏ வைத்தார், ணி வைத்தார். ஏணி முளைத்தது. ஏறினார். மேலே கால் வைத்ததும், விளக்கைப் பார்ப்பதற்கு முன்னாலேயே குட்டி ஆளைத் திருப்பினார். குனிய வைத்தார். ஏணியின் உச்சியிலிருந்த கல்லைத் தொட்டு இழுத்தார். ஏணி மறைந்து கற்கள் பைக்குள் வந்தன. பிறகு நிதானமாகப் போய் விளக்கை ஏற்றினார்.

ஏணியை வைக்க மேலே பலகை கிடையாது. ஏணி இல்லாமல் இறங்க முடியாது. குதித்தால் சாவு. செத்தால் மறுபடி அதே விளக்கு. கோளாறு என் கண்முன்னால் நின்றுகொண்டிருந்தது.

"பாத்தீங்களா, இதான். இதுக்கு மேல போகல," என்றார்.

"ஏனுங்க அண்ணா, ஏணிய ஏன் எடுத்தீங்க?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எடுக்காம? அத அங்கயே உட்டுட்டுப் போனா அடுத்த வரப்புக்கு என்ன பண்றது?"

பாப்பாத்தியும் அப்படியேதான் பார்த்தார், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது மாதிரி. ஏறிய பிறகு ஏணியை எடுத்துக்கொள்வது இவர்களுக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போவது போல. என்ன செய்தீர்கள் என்று கேட்டால் அதை யாரும் சொல்லமாட்டார்கள். சேலத்து ஆபீசில் ஏணி என்பது சுவரில் சாத்திக் கிடப்பது. ஏறுகிறவர்கள் ஏறுவார்கள், அது அங்கேயே இருக்கும். அதனால் எங்களில் ஒருவர் கையும் அந்தக் கல்லைத் தொடவில்லை.

அன்று சாயங்காலமே ஆபீசில் நடத்திக் காட்டினேன். மேடம் இரண்டு முறை பார்த்தார். கதிர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சுலபம்க்கா. ஏணியில இருக்கற கல்லை மட்டும் பூட்டிடறேன். இழுத்தா வராது, தப்புன்னு ஒரு சத்தம் வரும். டீ ஆறதுக்குள்ள முடிஞ்சிரும்."

"வேண்டாங்க தம்பி. அவர் செஞ்சதுல தப்பில்ல. மேலயும் ஒரு பலகை வையுங்க. எடுத்த ஏணிய அங்கயிருந்து கீழ எறக்கட்டும்."

"மேல பலகை வெச்சா படம் மாத்தணும், சாவி இருக்கற இடம் மாத்தணும், அதுக்கப்புறம் வர்ற நிலை பூரா மறுபடி சோதிக்கணும். வெள்ளிக்கிழமை போயிரும்."

இரண்டு பேரும் மேடத்தைப் பார்த்தோம். அவர் எந்தப் பக்கமும் பேசவில்லை. "பூட்டினதை எடுத்துக்கிட்டு நாளைக்குப் போவோம். நானும் வரேன்," என்றார்.

மேடத்துக்கு மலை பஸ் ஒத்துக்கொள்ளவில்லை. வெளுத்துப்போன முகத்தோடு தார்ப்பாயில் வந்து உட்கார்ந்தவருக்குப் பாப்பாத்தி சுக்குத் தண்ணி கொடுத்தார். வெள்ளையன் டேப்பை வாங்கி ஏறினார், திரும்பினார், கல்லை இழுத்தார். டொய்ங் என்று ஒரு சத்தம். மறுபடி இழுத்தார். மறுபடி அதே சத்தம். பாப்பாத்தி சிரிக்க வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவர் டேப்பைத் தரையில் வைத்தார், அன்று கூடத்தில் வைத்த மாதிரியே.

"நான்தான் சொன்னனுங்களே," என்றார்.

மேடம் திரையைப் பார்க்கவில்லை. அந்தக் கை தரையில் டேப்பை வைத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு நடந்தார். அங்கிருந்து அவர் பேசியது எங்களுக்குக் கேட்டது. "கதிர், நிறுத்து. மேல பலகை வை. அறக்கட்டளைக்கு நான் சொல்லிக்கறேன். இல்ல, தேதி இப்ப சொல்ல முடியாது."

அதற்குப் பிறகு நடந்தது வெறும் உழைப்பு. கதிர் நிலையை மாற்றினார், நான் முதலிலிருந்து ஒவ்வொன்றாகக் கெடுத்துப் பார்த்தேன். அறக்கட்டளைக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். மேடம் அவர்கள் முன்னால் ஓர் ஏணியையும் ஒரு வரப்பையும் தாளில் வரைந்து காட்டிவிட்டு, வேறு விளக்கம் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாராம். மிளகு காய்ந்து மூட்டையாகும் சமயத்தில் புது ஆட்டத்தோடு நான் மலைக்குப் போனேன். வெள்ளையன் ஏறினார், ஏணியை எடுத்தார், மேலே பலகையைக் கண்டார். என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஏணியைக் கீழே இறக்கினார். போய்க்கொண்டே இருந்தார். கூடத்துக்கு மற்றவர்களும் திரும்பி வந்தார்கள்.

நான் பிறகும் பல ஆண்டுகள் அந்த வேலையில் இருந்தேன். இவ்வளவு காலம் என்னை ஓரிடத்தில் பிடித்து வைத்த வேலை அது ஒன்றுதான். எத்தனையோ கோளாறு பார்த்தாயிற்று. அந்த மழைக்காலத்தில் வந்த ஒரு போனை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன்.

"ஏனுங்க சரசு, வெள்ளையன் பேசறேனுங்க. உங்க ஆட்டத்துப் பாலத்துல கோளாறுங்க."

"என்ன ஆச்சுங்கண்ணா?"

"பாதி பாலத்துல நிக்கறப்ப மழ வருது. மழ உட்டதும் பாலத்தக் காணோம். நான் சரியாத்தான் கல்லு வெச்சேன், ரெண்டு தரம் பாத்துட்டேன். உங்காளுங்க என்னமோ தப்பாப் பண்ணியிருக்காங்க. அந்தத் தம்பிகிட்டச் சொல்லிச் சரி பண்ணச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். போனை வைக்கும் முன் கேட்டேன். "மக எழுதறாளுங்களா?"

"எழுதறா. நேத்துக்கூட வந்துச்சு."

"என்ன எழுதியிருக்கா?"



"அத எதுக்குங்க உங்ககிட்டச் சொல்லணும்?" என்றார் வெள்ளையன்.